கத்தாமல் கட்டு மாற்றிய நாள்

வியாழக்கிழமை, இரவு

இன்று தென்னூர் ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டு மாற்றினார்கள். நான் கத்தவில்லை. இதை எழுதாமல் தூக்கம் வராது.

கல்யாணச் சமையலில் வடை போடும்போது எண்ணெய் கொட்டி வெந்த கால். பழைய துணியைப் பிரிக்கும்போதெல்லாம் தெருவரை கேட்கக் கத்துவேன். சகதர்மிணி லலிதா காதைப் பொத்திக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

போன தடவை நர்ஸ் ஃபாத்திமா கேட்டார்: “வலி மாத்திரை போட்டுட்டுத்தானே வந்தீங்க சார்?”

“இல்லே, ஆத்துக்குத் திரும்பிப் போய்த்தான் போட்டுக்கறேன். சாப்பிட்டப்புறம் போடணும்னேளே! குளிக்காம எப்படிச் சாப்பிடறது? ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போனா எப்படியும் குளிக்கணுமே, அதான் குளியல், சாப்பாடு எல்லாம் அப்புறம்தான்.”

அவர் கைவேலையை நிறுத்திவிட்டார். “எல்லாம் முடிஞ்சப்புறம் மாத்திரை எதுக்கு சார்? காலையிலேயே கட்டு நனையாம குளிச்சு, சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க. திரும்பிப் போய் வேணும்னா இன்னொரு தடவை குளிங்க.”

என் ஆசாரத்துக்கு அவர்தான் வழி சொல்ல வேண்டியிருந்தது.

இன்று அப்படியே செய்தேன். துணியை நனைத்து நனைத்து மெல்ல எடுத்தார். எரிந்தது, ஆனால் பேச முடிந்தது. அவருக்கு மெதுவடைப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று கதவைத் தள்ளிக்கொண்டு லலிதா ஓடி வந்தாள், முகமெல்லாம் வெளுத்து.

“ஏன்னா! சத்தத்தையே காணோமே!”

“இரு, உளுந்து எவ்வளவு நாழி ஊறணும்னு சொல்லிண்டிருக்கேன்.”

அங்கேயே அழுதுவிட்டாள். நான் கத்திய நாளெல்லாம் அழாதவள்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது குளியல் குளிக்கவில்லை. இப்போதுதான் நினைவு வருகிறது. அவளும் கேட்கவில்லை.