குதிரை என்னோடு அலுவலகம் வருகிறது

வீட்டுத் தச்சருக்கு,

நான்கு நாட்களாக நான் வாய் திறக்கவில்லை என்பதைக் கவனித்திருந்தால் நன்றி. “உங்கம்மா புஸ்தகத்துல முங்கிட்டா, அடுத்த வாரம்தான் கரையேறுவா” என்று மகளிடம் ஃபோனில் சொன்னீர்களே, கேட்டது. நான் படிக்கவில்லை. கோபத்தை மென்றுகொண்டிருந்தேன்.

பேரனுக்கு நீங்கள் செய்த மரக்குதிரை அழகுதான். ஆனால் பலகை, பூச்சிமருந்து வந்த பெட்டியுடையது. மண்டையோட்டு முத்திரையை இழைப்புளியால் சீவித் தள்ளியதைப் பார்த்தேன். முத்திரை போனால் விஷமும் போய்விடுமா? கிட்டே போனால் இன்னும் நெடி அடிக்கிறது. பல் முளைக்கிற பிள்ளை, செருப்பையே விடுவதில்லை. குதிரைக் காதையா விட்டுவைப்பான்?

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காதை ஒட்டும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை. அது என் தப்பு.

மகள் பதினொரு மணிக்குப் பிள்ளையோடு வருகிறாள். குதிரையைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. மீதிப் பலகையை எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது.

பி.கு. புதுக் குதிரைக்குப் பழக்கடையில் இரண்டு ஆப்பிள் மரப்பெட்டி சொல்லி வைத்திருக்கிறேன். “சாருக்கு ஆணி பிடுங்கத் தெரியுமாம்மா?” என்றார் கடைக்காரர். “முதல்ல தன் நகத்தைப் பிடுங்குவார், அப்புறம் ஆணி” என்றேன்.

இன்னொன்று. மாலையில் பலகையை நான் பிடித்துக்கொள்கிறேன். முகர்ந்து பார்க்கிற வேலையும் இனி என்னுடையது.