நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்

பென்வேரன்,
மே 9.

அன்பு மகன் யெஸ்டினுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் சுகம். நியூசிலாந்தில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், கவிதை எழுதத் தெம்பிருக்கிறதே.

ஞாயிறுதோறும் போனில் மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா என்று கேட்கிறாயே, நம் ஊர் ஐஸ்டெத்வொத் விழாவின் கவிதைப் போட்டிக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும், சரி. ஆனால் வெளியூரில் இருக்கிறவன் தனக்குப் பதிலாக எழுந்து நிற்க ஓர் ஆளைச் சொல்லி வைப்பானே, அதுகூடவா மறந்துபோச்சு? நடுவர் மேடையில் வரிவரியாக வாசித்தார், அப்பா சாகக் கிடக்கிறார், மகன் கடலுக்கு அந்தப் பக்கம், என்னை யாரும் கூப்பிடவில்லை என்று அழுகிறான். யார் பெற்ற பிள்ளையோ என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், எனக்கு அவ்வளவுதான் புத்தி. அப்புறம் எக்காளம் ஊதி, 'காட்டுப்புறா' எழுந்து நிற்கட்டும் என்றார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் ஒருவரும் எழவில்லை. கடைசியில் உறையைக் கிழித்து உன் பேரை வாசித்தார்கள். பக்கத்து வீட்டு மெய்னிர், "ஏன் நெஸ்டா, புள்ளைக்கு ஒரு போன்கூடப் போடலையா நீ?" என்றாள். மெதுவாகப் பேசத் தெரியாதே அவளுக்கு, நாலு வரிசைக்குக் கேட்டது.

பிறகென்ன, உனக்குப் பதிலாக என்னைக் கூட்டிப்போய், ஜெயித்த கவிஞனுக்குத் தரும் அந்தப் பரிசு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விழா வழக்கப்படி தலைக்கு மேல் வாளைப் பிடித்துக்கொண்டு, அமைதி உண்டா என்று மூன்று முறை கேட்க, மண்டபமே உண்டு என்று முழங்கியது. உண்டாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்காலி இப்போது சமையலறையில் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, இடித்து இடித்து என் முழங்கால் வீங்கிவிட்டது.

ஊருக்குச் சொல்லுமுன் என்னிடம் கேட்டிருக்கலாம் நீ. ஏன் கூப்பிடவில்லை என்று இரண்டு வருஷமாக நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா சாகக் கிடந்த அந்த வாரம் இரண்டு தடவை போனை எடுத்தேன், இரண்டு தடவையும் அப்பா என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். "வேண்டாம்டி, அவன் வந்து நின்னா நான் சாகப்போறேன்னு எனக்கே தெரிஞ்சுடும்" என்றார். அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை. அவரை மீறிக் கூப்பிட்டிருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான்.

கடவுள் உன்னைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். இது கைக்கு வந்த அன்றே கூப்பிடு, எந்நேரமானாலும் எடுப்பேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா நெஸ்டா.