ஒற்றை அறையில் எழுதிய பரீட்சை

மக்கா,

நேற்று வேலை முடிந்து வரும்போது தக்கலை பேருந்து நிலையத்துக்கு வெளியே புதிதாக ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மை வாடை இன்னும் போகவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் லேப்டாப் முன்னால் சிரிக்கிறாள். ‘தாய்மார்களே, வீட்டிலிருந்தே பட்டம் பெறுங்கள்’ என்று எழுதியிருந்தது. கீழே நீ படித்த அதே ஆன்லைன் கல்லூரியின் பெயர். கிழித்துப் போடலாம் போல இருந்தது. பேனர் கட்டுகிறவனிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? பஸ்ஸில் ஏறி, மனதுக்குள் உன்னோடு பேச ஆரம்பித்தேன்.

ஜவுளிக்கடையில் நாம் இருவரும் சேலைப் பிரிவில் நின்றோம். காலை முதல் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தாலும் மேனேஜர் கூப்பிடுவார். கல்ஃபுக்குப் போன உன் கணவர் ஒரு நாள் நம்பரை மாற்றிக்கொண்டு காணாமல் போனார். நீ அதற்காக அழுது நான் பார்க்கவில்லை. “அவரு நம்பரை மாத்திட்டாரு, நான் வேலையை மாத்தப் போறேன்” என்று சொல்லி பி.காம். சேர்ந்தாய். மதியம் துணிக் கட்டுகளுக்கு நடுவே ஒரு காதில் இயர்போனோடு பாடம் கேட்பாய். கேட்டுக்கொண்டே உன் மீன்கறியை என் பக்கம் தள்ளி வைப்பாய்.

முதல் பரீட்சை ஓணம் வியாபாரத்தின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. உன் பிள்ளையை வைத்துக்கொள்ள நான் லீவு கேட்டேன். “ஒருத்திக்குப் பரீட்சைன்னா ரெண்டு பேருக்கு லீவா?” என்றார் மேனேஜர். உனக்கே அரைநாள்தான் கிடைத்தது.

மணவாளக்குறிச்சியில் உன் வீடு ஒற்றை அறை. பரீட்சைக்கு முன்னால் கேமராவைச் சுற்றிக் காட்டி, அறையில் வேறு யாரும் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னார்கள். காட்டினாய். உன்னிடம் இருந்ததே அந்த நான்கு சுவர்கள்தான். பக்கத்து வீட்டில் விட்டிருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியது. யாருக்கும் தெரியாமல் ஓடி வந்து உன் மடியில் விழுந்தது. நீ ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மறுகையால் எழுதினாய். கொஞ்ச நேரத்தில் திரை நின்றுபோனது. முறைகேடு, தேர்வு ரத்து என்று வந்தது.

அன்று மதியம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டே கடைக்கு வந்து என்னிடம் சொன்னாய்: “பிள்ளைக்கு நாலு வயசு மக்கா. அவ எனக்கு விடை சொல்லிக் குடுத்தாளாம்.”

பிறகு நாகர்கோவிலில் இருந்த அந்தக் கல்லூரியின் அலுவலகத்துக்கு நாம் சேர்ந்து போனோம். அங்கே உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “பிள்ளையப் பாக்க வீட்ல ஆளில்லன்னா எதுக்கும்மா படிப்பு?”

“ஆளில்லாததாலதான் சார் படிக்கேன்” என்றாய் நீ. “ஆள் இருந்தா அவங்க சம்பாதிப்பாங்கல்லா.”

அவர்கள் ரத்தை ரத்துசெய்யவில்லை. அடுத்த முறை எழுதிக்கொள் என்பதைப் பெரிய கருணை போலச் சொன்னார்கள். ஒற்றை அறையில் குடியிருப்பதும், பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும் அவர்கள் கணக்கில் குற்றம்.

அடுத்த முறை நான் மேனேஜரிடம் கேட்கவில்லை. சம்பளத்தைப் பிடித்தால் பிடிக்கட்டும் என்று வேலைக்குப் போகாமல், பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். நீ எழுதி முடிக்கும்வரை அவள் கருமணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். நீ பாஸானாய். ரிசல்ட் வந்த அன்று, “பொறவு உக்காந்து வேலை செய்யணும் மக்கா, அவ்வளவுதான்” என்றாய். வாழ்க்கையில் நீ கேட்டது ஒரு நாற்காலி.

கடைசி வருடப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, காலையில் ஸ்கூட்டரில் வேலைக்கு வந்த உன்னைக் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போன லாரி வளைவில் அடித்தது. லாரி வலதுபக்கம் ஏறி வந்ததை ரோட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆனால் உன்னைப் பெட்டியில் கிடத்தியிருந்த வீட்டு முற்றத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? “படிப்பு படிப்புன்னு தூங்காம கெடந்தா. கண்ணசந்து ஓட்டியிருப்பா.” லாரிக்காரனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. “அவ உறங்கல, லாரிதான் தப்பான பக்கம் வந்துது” என்று நான் சத்தம் போட்டேன். அழுகை தாங்காமல் கத்துகிறேன் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.

உன் மகள் இப்போது ஆரல்வாய்மொழியில், உன் அண்ணன் வீட்டில் வளர்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து மெதுவாகக் கேட்டாள்: “மாமி, என்னாலதான் அம்மைக்குப் பரீட்சை போச்சா?”

யாரோ அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் அறைக்குள் ஓடி வந்ததால்தான் பரீட்சை போனது என்று.

“நீ உன் வீட்டுக்குத்தான வந்தே மக்ளே” என்றேன். “காய்ச்சல் அடிச்சா பிள்ளை அம்மைகிட்ட வராம வேற எங்க போவும்?”

“பின்ன ஏன் நிப்பாட்டினாங்க?”

“அவங்களுக்குப் பிள்ளை வளக்கத் தெரியாது.”

சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மறுபடியும் கேட்பாள் என்று தெரியும். பெரியவளானால் இன்னும் கூர்மையாகக் கேட்பாள். கேட்கும்போதெல்லாம் அலுக்காமல் பதில் சொல்வேன். உன்மேல் போட்ட பழியை என்னால் தடுக்க முடியவில்லை. அவள்மேல் ஏற விடமாட்டேன்.