மீட்டர் எனக்கு ஹாய் சொன்னது

வைகாசி 3, திங்கள்

அக்னி வெயில். காரைக்குடியே அப்பளம்போல் பொரிகிறது. ஊரடங்கு. என் கடையில் ஆத்தங்குடித் தரைக்கல் அடுக்கியது அடுக்கியபடி. வாங்க ஆளில்லை.

ரிசல்ட் வந்தது. கொரோனாவேதான். உலகத்து நாடுகளையெல்லாம் சுற்றிய நோய், கடைசியில் விலாசம் விசாரித்து என்னிடமும் வந்துவிட்டது. வராமல் போயிருந்தால்தான் எனக்கு அவமானம்.

நேற்றே தெரிந்திருக்க வேண்டும். கோழிக் குழம்பில் ருசியே இல்லை. என் மனைவி பஞ்சவர்ணத்திடம் (இனி ப. கை வலிக்கிறது) “என்ன வச்சிருக்க, சுடுதண்ணியா?” என்றேன். கல்யாணமான நாள் முதல் இப்படிச் சொன்னால் கரண்டி பறக்கும். நேற்றுப் பறக்கவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திருப்பத்தூரிலிருந்து தங்கச்சி மகள் தேனு போன்.

“மாமா, ஒங்களுக்குச் சீனி வேற இருக்கே. பயமா இல்லையா?”

“ஏ கழுத, நம்ம வம்சத்துச் சீனி. கொரோனா ஒரு வாய் வச்சுப் பாத்துச்சுன்னா, அதுக்கும் சீனி வந்து படுத்துரும்.”

சிரித்தாள். மூக்கை உறிஞ்சியதும் கேட்டது.

வைகாசி 5, புதன்

இருமல். நான் இருமினால் பக்கத்துத் தெரு நாய்கள் பதில் சொல்கின்றன. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர்: காலையில் 95, மதியம் 91.

ப. ஆட்டோ பிடித்தாள். கிளினிக் வாசலில் திருவிழாக் கூட்டம். நான் ஆட்டோவிலேயே மகாராஜாபோல் சாய்ந்திருந்தேன். (எழுந்திருக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.) ப.தான் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று, உள்ளே இருந்த டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு டாக்டரம்மா ஆட்டோவுக்கே வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். கோயம்புத்தூர்ப் பக்கம்போல, பேச்சில் தேன். கவசத்துக்குள் கண் மட்டும் தெரிகிறது.

“நுரையீரல்ல இறங்கியிருக்குதுங்க. ஸ்டீராய்டு மாத்திரை எழுதறேன். விடாம போட்டுருங்க.”

போட்டேன். கூடவே ப. கையால் கசாயம். அதன் கசப்பு மட்டும் எப்படித் தெரிகிறதோ!

வைகாசி 8, சனி

இருமல் குறைந்தது. ஆனால் தாகம். அகத்தியர் கடலைக் குடித்தாராமே, நான் ஊருணியைக் குடிப்பேன். குடித்த தண்ணீர் உள்ளே தங்கினால்தானே? படுக்கைக்கும் கக்கூசுக்கும் நடந்த நடையில் பழனிக்கே போயிருக்கலாம். கண் மங்கல். கால் இரண்டும் வேறு யாருடையதோபோல்.

காய்ச்சல் வந்ததிலிருந்து சீனி பார்க்கவே இல்லை. ப. விரலைக் குத்தினாள். சீனி மீட்டரில் நம்பர் வரவில்லை. இரண்டு இங்கிலீஷ் எழுத்து: எச், ஐ.

“பாத்தியா! மிஷினே எனக்கு ஹாய் சொல்லுது.”

அவள் சிரிக்கவில்லை.

“இத்தன வருசமா நம்பர் காட்டுன மிஷினு, இன்னைக்கு எதுக்குங்க ஒங்களுக்கு வணக்கம் வைக்குது?”

வேறு விரல். மறுபடியும் ஹாய். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். நான் கேட்க ஸ்பீக்கரில்.

“அது ஹாய் இல்லீங்கம்மா, ஹை! மிஷினால அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருக்குது. ஏனுங்க, சர்க்கரை இருக்குங்களான்னு அன்னிக்கே கேட்டனே. இல்லைன்னு சொன்னீங்களே!”

“ஆத்தி! கசாயத்துல போட வீட்டுல நாட்டுச் சர்க்கர இருக்கான்னு கேக்குறீகன்னுல்ல நெனச்சேன்! ‘சர்க்கர இல்லைங்க, சீனிதான் இருக்கு’ன்னு சொன்னேனே!”

“சீனிங்கறது...?”

“காப்பிக்குப் போடுறதும் சீனிதாங்க, இவுகளுக்கு இருக்க வியாதியும் சீனிதான். நாங்க அப்டித்தான் சொல்லுவோம்.”

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு வேகமாக: ஸ்டீராய்டு நெஞ்சுக்கு வேண்டியதுதான், ஆனால் சர்க்கரையைத் தூக்கிவிடும். சர்க்கரை ஏறினால் கிருமிக்குக் கொண்டாட்டம். இன்சுலின் இல்லாமல் முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்கு.

ப. முகம் சுண்ணாம்பு. “என்னாலதான” என்றாள். “நீ சொன்னதுல ஒரு எழுத்துத் தப்பு கிடையாதுடி. தமிழு ரெண்டா இருந்தா நீ என்ன செய்வ” என்றேன். அவளை அழவிடாமல் எழுந்து நடந்து காட்டப் போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆம்புலன்ஸ் சத்தம். மீதி பிறகு.

வைகாசி 12, புதன்

பேனா பிடிக்க இன்றுதான் முடிந்தது. மூக்கில் ஆக்சிஜன். கையில் இன்சுலின் சொட்டுச் சொட்டாக. மணிக்கொரு தரம் விரலில் குத்து. இந்த ரத்தத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பட்டாளத்துக்கே ஏற்றலாம்.

இடப்பக்கக் கட்டில்காரர் என் வயதுதான், என்னோடு வந்தவர்தான். சீனி இல்லாத மனிதர். இன்று கையசைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டர் சொன்னார், சர்க்கரைக்காரர்களுக்கு ஆற நாளாகும் என்று.

“பெரிய வீடுன்னா பூசி முடிக்க நாளாகத்தான டாக்டர் செய்யும்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு அறுந்தது.

வலப்பக்கக் கட்டிலும் காலி. அவர் கையசைக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ப. வெளியே வேப்பமரத்தடியில். உள்ளே விட மாட்டார்கள். போனில் மட்டும்.

“கொழாயக் கழட்டாதீக. நர்சம்மாகிட்ட வீரம் பேசாதீக.”

“நீ சாப்டியா?”

“நீங்க வாங்க, சாப்புடுவோம்.”

இந்தச் சீனியை வம்சத்துச் சொத்து என்று பீற்றிக்கொண்டேன். வேண்டாம். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வைகாசி 20, வியாழன்

வீடு! மாலை மரியாதை, யானை, குதிரை எதுவும் இல்லை. ப. மட்டும் டெட்டால் பாட்டிலோடு.

வீட்டிலும் இன்சுலின். போடப்போவது ப.! கோழி அறுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண். நர்சம்மா சொல்லிக் கொடுத்ததும், ஊசியில் தண்ணீரை ஏற்றிக் கத்தரிக்காயில் குத்திக் குத்திப் பழகியிருக்கிறாள். நம் வீட்டுக் கத்தரிக்காய்க்கெல்லாம் இனி ஆயுசுக்கும் சீனி வராது.

முதல் ஊசி. தொப்பையில். நான் போட்ட சத்தம் கானாடுகாத்தான் வரைக்கும் கேட்டிருக்கும்.

“கத்தரிக்கா இம்புட்டுக் கத்தலையே” என்றாள்.

அடுத்து டார்ச் சோதனை, இனி தினமும் உண்டாம். சர்க்கரை ஏறி ஸ்டீராய்டும் போட்டவர்களுக்குக் கறுப்புப் பூஞ்சை வரக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

“வாயத் தொறங்க. மூக்கத் தூக்குங்க. கன்னம் வலிக்குதா? கண்ணு ரெண்டா தெரியுதா?”

“மாட்டுச் சந்தையில பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரியில்ல பாக்குற.”

“மாடா இருந்தா சொன்ன பேச்சுக் கேட்டிருக்கும்.”

வைகாசி 26, புதன்

தூறல். மண் வாசனை தெரிந்தது! மூக்கு வேலைக்குத் திரும்பிவிட்டது.

வாசல்வரை நடை. நடுவில் தூணைப் பிடித்து நின்றேன். தூணுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று.

சீனி: சாப்பிடுமுன் 168. ப. நம்பரைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் பிள்ளை தேறியதுபோல் மீட்டரைத் துடைத்து வைத்தாள்.

கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டுச் சாரதா. அவள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், அவரும் சீனிக்காரர். ப. மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு உள்ளிருந்தே:

“ஆஸ்பத்திரியில போனதும் ஒடனே சொல்லிரு. சீனின்னும் சொல்லு, சர்க்கரன்னும் சொல்லு, சுகர்னும் சொல்லு. அவுக கேக்கட்டும்னு நிக்காத. ஸ்டீராய்டு மாத்திர குடுத்தா, சீனிக்கு என்ன செய்யணும்னு கேளு. தெனமும் விரலக் குத்திப் பாரு. எச்சு ஐயின்னு வந்தா சிரிக்காத, ஓடு.”

“அக்கா, இதெல்லாம் எங்கக்கா படிச்சீக?”

“எல்லாம் இவுக ஒடம்புலதான்.”

உள்ளே உட்கார்ந்திருந்த என் நெஞ்சு விரிந்தது பாருங்கள். அந்த நேரம் ஸ்கேன் எடுத்திருந்தால் ஆஸ்பத்திரியே அரண்டிருக்கும்.

ஆனி 6, ஞாயிறு

காற்று. முருங்கை மரம் தலைவிரித்து ஆடுகிறது. இன்சுலின் அளவைக் குறைத்தாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் மாத்திரைக்கே திரும்பலாமாம். மாடிப்படி மட்டும் இன்னும் இமயமலை.

சாரதா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்தார். அவருக்கும் வீட்டில் ஊசி. சாரதா கையில் ஊசியைக் கொடுத்தால் மயக்கம் போட்டு விழுகிறாளாம். ப. கிளம்பிவிட்டாள். போகிற போக்கில் ஒரு பேச்சு:

“ஒங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன். போட்டுக்கிட்டுச் சாப்புடுங்க.”

“நானா?”

“பின்ன, கவர்னரா வருவாரு?”

ஒரு போர்க்களத்தையே பார்ப்பதுபோல் தொப்பையைப் பார்த்தேன். இருபுறமும் படை நிற்கிறது. போட்டேன். ஒரு சத்தம் வரவில்லை. வலித்தது, அது இந்த நோட்டுக்கு மட்டும்.

இட்லி மூன்று. சாம்பார் ருசி. இந்த வீரத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். தேனுவுக்குப் போன் போட்டேன்.

“என்ன மாமா, கொரல்ல தெம்பு தெரியுது?”

“தேனு, ஒங்க அத்த இருக்கால்ல...” என்றுதான் வாயில் வந்தது.

அவள் ஆட்டோ பிடித்ததில் தொடங்கினேன். கண்ணாடித் தடுப்பு, சிரிக்காத முகம், வேப்பமரத்தடி, டார்ச் என்று போய், சாரதா வீட்டு ஊசியில் கொண்டுவந்து முடித்தேன். என் ஊசி விஷயம் மறந்தே போனது. போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், நடுவில் ஓரிடத்தில்கூட மூச்சுக்கு நிற்கவில்லை.