நம் வாசலில் இரண்டு செங்கல்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்காலைத் தவிர, அது எப்போதும்போலத் தனிக்கட்சி. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்ப ஆசைதான், நம்பிக்கைதான் கொஞ்சம் குறைவு.

முந்தாநாள் உன் அப்பா பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் ரெண்டு வாயோடு கையை நிறுத்திவிட்டார். நீ போன் பண்ணினாயாம், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாயாம். அந்த மனுஷரிடம் ரகசியம் சொல்வதும் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடிப்பதும் ஒன்றுதான் என்று உனக்குத் தெரியாதா. லீவில் வந்து நம் தெருவின் மேடுபள்ளத்தை அளந்து நீ போட்ட வரைபடத்தில் நம் வீட்டு வாசலைச் சுற்றி உங்கள் பேராசிரியர் சிவப்பு வட்டம் போட்டாராம், ட்ரோன் பறக்கவிட்டு மேலே இருந்து எடுத்த அளவில் தெரு அந்தப் பக்கம் சரிகிறதே, உன் படத்தில் மட்டும் எப்படி மேடானது, அளக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பினாயா என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். கருவியைப் பார்க்கவே தெரியாத எனக்கு நிலத்தைப் பற்றிய படிப்பு எதற்கு, வெள்ளிக்கிழமை வேறு துறைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று அழுதாயாமே. பாவம் பிள்ளை, எங்கே தப்பு விட்டாளோ என்றார் அப்பா. எங்கே என்று எனக்குத் தெரியும்.

முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அன்று நீ தெருமுனையில் முக்காலிமேல் கருவியை வைத்து ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு நின்றாய், நான் அந்த நெட்டை அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நின்றேன். மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு அதெல்லாம் ஒரு வேலையா, ராணி மாதிரிதான் நின்றேன். எதிர்வீட்டுத் தையல்காரி வாசலை முடித்து நம் வாசலுக்கு வந்தேன், அவள் கேட்டில் சாய்ந்துகொண்டு, அக்கா, யார் வீடு பள்ளம்னு இன்னிக்கு உங்க பொண்ணே எழுதிக் கொடுத்துடுவா, மழை வந்தா எங்க மாடிக்கு வந்துடுங்க என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. சுவரோரம் கிடந்த இரண்டு செங்கல்லை, செருப்பைச் சரிசெய்கிறவள் மாதிரிக் குனிந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அதன்மேல் அளவுகோலை நிறுத்திவிட்டேன். முன்னால் அப்பாவின் ஸ்கூட்டர் நின்றது, உனக்கு அடிப்பக்கம் தெரியவில்லை. ஆடாம பிடிம்மா என்று கத்தினாய். ஆடாமல்தான் பிடித்தேன், அதில் நீ குறை சொல்ல முடியாது. நம் வாசல் அவள் வாசலைவிட ஆறு சென்டிமீட்டர் உயரம் என்று படம் வந்ததும் தெருவெல்லாம் சொன்னேன், இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர்களைக்கூட விடவில்லை. அது உன் மார்க்கு, உன் பேர் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவேயில்லை, ஏதோ கோடு போட்டு நிறம் அடித்துக் கொடுக்கிற பாடம் என்று நினைத்துவிட்டேன்.

நேற்று அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்தார். தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையைத் தையல்காரி வாசலிலும் இன்னொரு முனையை நம் வாசலிலும் பிடித்து மட்டம் பார்த்தார்கள். என்னைத் தொட விடவில்லை, நியாயம்தான். நம் வாசல் ஒன்பது சென்டிமீட்டர் தாழ்வு. இரண்டு செங்கல்லின் கனம் பதினைந்து, கணக்கை நீயே கூட்டிப் பார். தையல்காரியிடம் நானே போய்ச் சொன்னேன். கேலி வரும் என்று முகத்தைத் தயார் பண்ணிக்கொண்டு போனால் அவள் சிரிக்கவேயில்லை, நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமேக்கா, பொண்ணு படிப்பை விட்டுடப் போகுது என்று கொத்தனார் அளவு எழுதிய தாளில் சாட்சியாக முதல் கையெழுத்தை அவள்தான் போட்டாள். சிரிப்பை இன்றைக்கென்று எடுத்துவைத்திருந்தாள் போல, காலையிலிருந்து அந்த வீட்டில் மிஷின் சத்தத்தைவிட அதுதான் கேட்கிறது.

போனில் சொல்லலாம் என்று நாலு தடவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். அப்பாவிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அதனால் உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் காட்டுவதற்குக் காகிதம் வேண்டுமே, கூரியரில் அனுப்புகிறேன். தாளையும் இந்தக் கடிதத்தையும் பேராசிரியரிடம் கொடு, அம்மா மானம் போகுமே என்று பார்க்காதே, அது போய்வந்து பழகினதுதான். இன்னும் நாலு வாசலையும் கொத்தனாரை அளந்து பார்க்கச் சொன்னேன், நாலும் நீ எழுதினபடியே இருந்தது, இந்தப் பொண்ணு எந்த மேஸ்திரிகிட்ட வேலை கத்துக்கிச்சு என்று கேட்டார். அந்த வெயிலில் நூற்றுப் பன்னிரண்டு இடம் அளந்தாய் கண்ணு. அதில் தப்பானது ஒன்றே ஒன்று, அதையும் நீ சரியாகத்தான் பார்த்தாய், நான்தான் தப்பாக நின்றேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நல்லா இரு. வெள்ளிக்கிழமை எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும் முதலில் பேராசிரியரைப் போய்ப் பார். பிறகு படத்தில் நம் வாசலை அழித்து, அது இருக்கிற பள்ளத்திலேயே போடு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா