கொளஞ்சியம்மாள் பேரில் ஒரு டெலாஜ்

14.6.2010
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் மகள் தீபிகாவுக்கு நிச்சயம் செய்திருக்கும் சென்னை சம்பந்திகள், மாப்பிள்ளை அழைப்புக்கு பென்ஸ் கார் உண்டா என்று கேட்டார்கள். "பென்ஸ் என்ன பென்ஸ், எங்கப்பா வாங்கின டெலாஜே இருக்கு. 1937 மாடல் பிரெஞ்சு வண்டி. பாண்டிச்சேரி துரையோட கார்" என்றேன். இருப்பது உண்மைதான். கீரப்பாளையம் வீட்டு மாட்டுக்கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில், நாற்பது வருஷமாக. மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் கல்யாணம். ஒன்றரை வருஷம் இருக்கிறது.

3.8.2010
கடலூர் முதுநகர் மெக்கானிக் ஜெயசீலன் காரை மூன்று தடவை சுற்றி வந்தார். "அம்பாசடர் இன்ஜின் வச்சா கடலூர்லேர்ந்து சிதம்பரம் போவலாம் சார். ஒரிஜினல்தான் வேணும்னா சிதம்பரத்துலேர்ந்து யாராச்சும் வந்து தள்ளணும்."
ஒரிஜினல்தான் என்றேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

11.3.2011
பிரான்ஸிலிருந்து ஹெட்லைட் கண்ணாடி வந்தது. என் மனைவி லோகநாயகி, இட்லி குண்டான் மூடியா என்று கேட்டாள்.

19.7.2011
பின்சீட்டைக் கழற்றியபோது ஜெயசீலனுக்கு ஆர்.சி. புத்தகம் கிடைத்தது. அது இல்லாமல் என் பேருக்கு மாற்ற முடியாது என்று இத்தனை நாள் அலைந்தேன். ஆசையாகத் திறந்தேன். உரிமையாளர்: கொளஞ்சியம்மாள், சபாபதியின் மனைவி.
சபாபதி என் அப்பா. என் அம்மா பேர் சௌந்தரம்.

20.7.2011
அம்மாவிடம் கேட்டேன். "வரிக்காக யாரோ பேர்ல வாங்கியிருப்பாரு" என்றாள். சரி என்று எழுந்தேன். "அவ போயி பன்னண்டு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு, பூவம்மா. பரங்கிப்பேட்டையில கருவாட்டு யாவாரம். பச்சை கேட்டு."
கேட்டின் நிறம் வரை தெரிந்திருக்கிறது. அப்பா இறந்த மறுநாள் காரைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டியதும் அம்மாதானாம். ஸ்பேர் கிடைக்கவில்லை என்று நாங்கள் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தோம்.
ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு தங்கச்சி.

24.7.2011
பஸ்ஸில் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "வாங்கண்ணே" என்றாள் பூவம்மாள், போன வாரம் வந்துவிட்டுப் போனவனைக் கூப்பிடுவதுபோல. அப்பாவின் மூக்கு அப்படியே இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குக் கார் வேண்டும், பேர் மாற்ற வாரிசு கையெழுத்து வேண்டும் என்றேன்.
"போடுறேன். ஆனா பொண்ணுக்கு அத்தை நானு. பத்திரிகையில பேரு போடணும், மொத நலங்கு நான் வெக்கணும். கல்யாணத்துக்குக் காரை ஓட்டிக்குங்க, முடிஞ்சதும் கையெழுத்து போடுறேன்."
தீபிகா சடங்குக்கு அத்தை முறைக்கு ஆளில்லாமல் பக்கத்து வீட்டு மாரியம்மாளைக் கெஞ்சி நிறுத்தினோம். ஒரு பஸ் தூரத்தில் சொந்த அத்தை கருவாடு காயவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

2.8.2011
"பென்ஸை வாடகைக்கு எடுங்க, யார் கையெழுத்தும் வேணாம்" என்கிறாள் லோகநாயகி. நியாயம்தான். பங்காளிகள் என்ன சொல்வார்கள்? சம்பந்தி? ஆனால் டெலாஜ் டெலாஜ் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே. பத்திரிகையில் பேர் போடச் சம்மதித்துவிட்டேன். பெருந்தன்மை இல்லை, வீம்பு.
அம்மா மட்டும் ஒன்று சொன்னாள். "பேரைப் பெருசாவே போடு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

31.12.2011
நேற்று 'தானே' புயல் அடித்தது. மரமெல்லாம் படுத்துவிட்டது. போன் லைன் கிடைத்ததும் முதலில் ஜெயசீலனைக் கூப்பிட்டேன். காருக்கு ஒரு கீறல் இல்லை என்றார். நிம்மதியாக டீ குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் கடலோரத்தில் எனக்கு ஒரு தங்கச்சி இருப்பது ஞாபகம் வந்தது. அவளுக்குப் போன் போகவில்லை.
ச்சீ. என்ன மனுஷன் நான்.

1.1.2012
பாதி தூரம் பைக்கைத் தள்ளிக்கொண்டே போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை. ஆள் இருக்கிறாள். நனைந்த கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை: "காருக்கு ஒண்ணும் ஆவலியேண்ணே?"
அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

9.2.2012
கார் ஓடியது. மாப்பிள்ளை ஏறவில்லை. ஏ.சி. இல்லையாம். அவர்களே ஒரு பென்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். ஆக, இத்தனை பாடுபட்ட டெலாஜில் மண்டபத்து வாசலில் வந்து இறங்கியவர்கள் அம்மாவும் பூவம்மாளும்தான். நடுவில் சீர்த்தட்டு. வழியில் போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். ஆர்.சி. கேட்கப்போகிறார் என்று நடுங்கினேன். போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.
நலங்குக்குப் பெண்கள் முண்டியடித்தார்கள். "அத்தையை மொதல்ல விடுங்க" என்று ஓரத்து நாற்காலியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். பங்காளிகள் பேசினார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள்.

23.2.2012
கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ். சொன்னபடி பூவம்மாள் வந்து கையெழுத்துப் போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பழைய புக்கை அவுங்களே வாங்கி வச்சிக்குவாங்களாண்ணே?"
ஆமாம், புதுசு கொடுப்பார்கள் என்றேன்.
"எங்கம்மா அவரு பொண்டாட்டின்னு எழுதின காயிதம் அது ஒண்ணுதான். ரேஷன் கார்டுலகூட கெடயாது. ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கவா?"
ஜெராக்ஸ் கடையில் கூட்டம். நிற்கும்போதே ஆபீஸுக்குள் என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டாள்.
பேர் மாற்றாமல் இனி காரை ரோட்டில் எடுக்க முடியாது. இதை ஜெயசீலனிடம் எப்படிச் சொல்வது?
அவளைப் பரங்கிப்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் பையை மேலே வைக்கச் சொன்னார். அவள் வைக்கவில்லை.