நாலு மணிச் சைரன்

அன்புள்ள அக்காவுக்கு,

மணி பன்னிரண்டே கால். இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குத் திட்டாதே. பகலில் பேனாவை எடுத்தால் அது முதலில் உன் செல்லத்தின் வாய்க்குத்தான் போகிறது. ஏழு மாதத்தில் இவளுக்கு இவ்வளவு கைநீளம். நாங்கள் நலம். இவர் கப்பலிலிருந்து போன வாரம் பேசினார், வர இன்னும் நான்கு மாதமாம். மாமாவின் முதுகுவலி தேவலையா?

உன் கடிதம் கிடைத்தது. குழந்தை ராத்திரியெல்லாம் அழுகிறது என்று விடுதியில் தங்க வந்தவர்களில் மூன்று பேர் உனக்கே எழுதிவிட்டார்கள், அதனால் மாதக் கடைசிக்குள் ஒரு மேனேஜரை அமர்த்திவிட்டு நான் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். கோபமாக எழுதியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அக்கறையாக எழுதியிருக்கிறாய், அதனால் சண்டையும் போட முடியவில்லை. விடுதியில் பாதி உன்னுடையது, நீ சொன்னால் நான் கேட்டாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் இங்கே நடந்ததைக் கேட்டுவிடு.

நீ சொன்னபடியே வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் இரவல் அலமாரி வைத்துவிட்டேன். குடை, பூட்டு, சார்ஜர், இஸ்திரிப் பெட்டி, ஊசி நூல், டார்ச், வெந்நீர்ப் பை எல்லாம் இருக்கின்றன. நீ பெரிதாக நம்பிய ஷூ பாலிஷை இதுவரை ஒருத்தரும் தொடவில்லை. நகவெட்டிக்குத்தான் அடிதடி. இரண்டு நகவெட்டி காணாமல் போனதும், மூன்றாவதை ஒரு பெரிய சாதக் கரண்டியின் காம்பில் கட்டிவிட்டேன். கரண்டியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு யார் போவார்கள்? நகவெட்டி பத்திரம். கரண்டியோடு உட்கார்ந்து நகம் வெட்டுகிறவர்களைப் பார்க்க நீ ஒரு நாள் வர வேண்டும்.

குழந்தையின் அழுகைக்கும் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு தலையணையிலும் ஒரு ஜோடி காதடைப்பு, இலவசமாக. அந்தப் புத்திசாலித்தனத்தில் எனக்கே ஒரே பெருமை. முதல் ராத்திரி எல்லோரும் கட்டை மாதிரி தூங்கினார்கள். விடிந்த பிறகும் தூங்கினார்கள். ஒருத்தர் காதிலும் அலாரம் விழவில்லை! பரீட்சை எழுத வந்த பையன்கள் இருவர் பல் தேய்க்காமல் ஓடினார்கள். ஒன்று விட்டு ஒரு நாள் இங்கே தங்கும் பஸ் டிரைவர் ஐந்து மணி வண்டியைக் கோட்டைவிட்டுவிட்டார். உனக்கு முதலில் புகார் எழுதியவர் அவர்தான். "போன வாரம் தூங்க விடல, இந்த வாரம் எழுந்திருக்க விடல. நான் என்னதாம்மா பண்றது?" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

காதடைப்பைத் திரும்ப வாங்கினால் மறுபடி புகார் வரும். எப்படியும் இவளுக்குப் பால் கொடுக்க இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நான் விழித்துத்தானே இருக்கிறேன், நானே எழுப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் ஆண்கள் அறைக்குள் அந்த நேரத்தில் நான் எப்படிப் போவது? அதனால் ஒரு கயிறு ஏற்பாடு செய்தேன். சிரிக்காதே. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு கொடிக்கயிறு, சுவரோரமாக ஏறி, கதவுக்கு மேலே உள்ள காற்றுச் சந்து வழியாக நடைக்கு வரும். நடைப்பக்க முனையில் கட்டில் எண் எழுதிய அட்டை. கட்டில்பக்க முனையில் மெத்தென்ற நாடா. எழுப்ப வேண்டும் என்கிறவர்கள் நாடாவைக் கால் கட்டைவிரலில் சுருக்கு முடிச்சாகப் போட்டுக்கொண்டு, நேரத்தைப் பலகையில் எழுதிவிட்டுப் படுக்கலாம். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்று இழுப்பேன்.

பிய்த்துக்கொண்டு போகிறது அக்கா! மேல் கட்டில்காரர் ஒருவர் கூச்சத்தில் தினமும் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார். ஒரே ஒரு நாள்தான் அசம்பாவிதம். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் எட்டி நாலு கயிற்றைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கிவிட்டாள். உள்ளே நாலு பேர் ஒரே சமயத்தில் 'ஐயோ' என்றார்கள். அன்றிலிருந்து இவளுக்குப் பட்டப்பெயர் சைரன்.

இதெல்லாம் சிரிப்பு. இன்று காலை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன்.

நேற்று இரவு பத்து மணிக்குத் தூங்கியவள் இரண்டு மணிக்கு எழவில்லை. நாலு மணிக்கும் எழவில்லை. அவள் எழவில்லை என்பதால் நானும் எழவில்லை. பலகையில் ஐந்து பேர் நேரம் எழுதியிருந்தார்கள். யாரோ கதவை மெதுவாகத் தட்டினார்கள். பதறிக் கதவைத் திறந்தால் டிரைவர் நிற்கிறார், கயிற்றிலிருந்து பிய்ந்து வந்த நாடா வேறு கட்டைவிரலில் தொங்குகிறது.

"நாலேகால் ஆயிடுச்சும்மா. சத்தமே காணோம். பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்றார்.

ஓடிப் போய் அவள் மூக்கின் கீழ் விரலை வைத்தேன். சுடச்சுட மூச்சு வந்தது. வாயைத் திறந்துகொண்டு, கையை விரித்துப் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்து தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்குகிறாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"தூங்கற குழந்தையப் பாத்து யாராவது அழுவாங்களா? நீங்க படுங்க. கயிறெல்லாம் நான் இழுத்துக்கறேன்" என்று வாசலிலிருந்தே அதட்டினார். நடையில் அவர் ஒவ்வொரு கயிறாக இழுப்பதும், "டேய் தம்பி, பரீட்சை இருக்குல்ல, எழுந்திரு" என்று கிசுகிசுப்பதும் எனக்குக் கேட்டது. ஐந்து பேரும் நேரத்துக்குப் போனார்கள், அவர் வண்டியும்தான். காதடைப்பை அவர் இரண்டு வாரமாகத் தொடவே இல்லையாம். பாப்பாவின் நாலு மணி அழுகைதான் அவருக்கு அலாரமாம்; இன்று பழக்கத்தில் தானாக விழித்து, அது வரவில்லையே என்று காத்துக்கொண்டிருந்தாராம். கிளம்பும்போது, உனக்கு எழுதிய கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இனி இவள் தினமும் இப்படித் தூங்கினால் என்னை எழுப்ப ஆள் வேண்டும். அதற்காக இரண்டு அலாரக் கடிகாரம் வாங்கி, சத்தம் கூடுதலாக வரட்டும் என்று இரண்டையும் எவர்சில்வர் தட்டில் வைத்திருக்கிறேன். ஆக, குழந்தை எழுப்பவில்லை என்று காரணம் சொல்லி இனி நான் நழுவ மாட்டேன்.

அம்மா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்காது, தெரியும். ஆனால் இவர் கப்பலேறியதிலிருந்து ராத்திரியில் இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான் விழித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலைதான் தெரிந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொருவரும் காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்று. இதை விட்டுவிட்டு எப்படி அக்கா போவேன்?

மேனேஜர் வேலைக்கு இன்னும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. உன் பதில் வரும்வரை சொல்லவும் மாட்டேன். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது. இரண்டு வரியானாலும் போதும், சீக்கிரம் பதில் போடு.

உன் அன்புத் தங்கை